துணைக்கு வைத்த கரு

எங்கள் வீட்டில் எதற்கும் வாசனை கிடையாது. சோப்புக்குக் கிடையாது, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்குக் கிடையாது, துணி துவைக்கும் பொடிக்கும் கிடையாது. பூ வாங்குவதில்லை. முதல் முறை வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நொடி தயங்கி நிற்பார்கள். என்ன குறைகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆள் குடியிருக்கிற வீடுதானா என்பதுபோல் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

காரணம் என் அக்கா. குழந்தைப்பேறு சிகிச்சை தரும் கிளினிக் ஒன்றில் அவள் கருவியல் நிபுணர். முட்டையையும் விந்தணுவையும் உடம்புக்கு வெளியே சேர்த்து, உண்டாகும் கருவைச் சில நாட்கள் வளர்த்து, தாயின் வயிற்றில் வைக்கும் பக்குவத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. அந்தக் கருக்களுக்கு வாசனை ஆகாது. சென்ட், நகப்பூச்சு, ஊதுபத்திப் புகை, எது காற்றில் கலந்து வந்தாலும் அவை வாடிவிடும் என்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனக்கு மட்டும் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, மெல்ல மெல்ல வீட்டுக்கே சட்டமாகிவிட்டது.

"நம்ம வீட்டுக்குத் திருடன் வந்தாக்கூட வாசனை சோப்பு போடாம குளிச்சிட்டுத்தான் வரணும்" என்பான் அண்ணன். அக்காவுக்கு அவன் வைத்த பெயர் மோப்பப் போலீஸ்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவள் அக்காதான். கல்யாணப் பேச்சுக்குப் பிடி கொடுக்கவே இல்லை. நடந்தால் சத்தம் கேட்காது. சமையலறையில் நான் ஏதோ நறுக்கிக்கொண்டிருப்பேன், திரும்பினால் பின்னால் நிற்பாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. எதையாவது உற்றுப் பார்க்கும்போது மூச்சை நிறுத்திவிடுவாள். பழக்கூடையில் ஆரஞ்சு பொறுக்கும்போதுகூட அப்படித்தான். கடைக்காரர் ஒருமுறை பயந்து, "என்னம்மா, உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்டார். அக்கா பழத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "உங்க பழத்துக்குத்தான்" என்றாள்.

இப்போதெல்லாம் அவள் யாருக்கும் கருவின் படத்தைச் சும்மா நீட்டுவதில்லை. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து, இது என்ன, ஏன் இப்படி இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்ன பிறகுதான் கையில் கொடுக்கிறாள். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து வந்தது.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லை. கடைசியில் அக்காவின் கிளினிக்குக்கே போனார்கள். அண்ணிக்கு முதலில் கூச்சம். "மத்த வீட்டு நாத்தனாருங்க சொல்லிக்காட்டறதோட விட்டுடுவாங்க. என் நாத்தனார் மைக்ரோஸ்கோப்புல வெச்சே பாத்துடுவாங்க" என்று சிரித்தாள்.

சொந்தக்காரர்களின் கருவை ஊழியர்கள் தொடக்கூடாது என்பது அங்கே விதி. அதனால் அண்ணியின் கருக்களைக் கவனித்தது அக்காவுடன் வேலை செய்யும் ஒருவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் சாட்சி. அந்த ஆய்வகத்தில் எதைச் செய்தாலும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் செய்ய, மற்றவர் பக்கத்தில் நின்று பெயரைப் படித்து, சரிதான் என்று சொல்ல வேண்டும். அவருடைய குரல் கணீரென்று இருக்கும். கரு வைக்கும் நாளில் அண்ணன் பெயரையும் அண்ணி பெயரையும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டதில் அண்ணன் நொந்துபோய், "சார், எங்க கல்யாணத்துலகூட இத்தனை தடவை யாரும் கேக்கலை" என்றான்.

"கல்யாணத்துல ஆள் மாறினா கண்ணுக்குத் தெரியும் சார்" என்றார் சாட்சி.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். உடை மாற்றும் அறையின் கண்ணாடி வழியாக ஆய்வகம் தெரிந்தது. ஜன்னலே இல்லாத அறை. மஞ்சளாக மங்கிய வெளிச்சம். சுவர் ஓரமாகக் கருக்களை வளர்க்கும் வெள்ளைப் பெட்டிகள், உடம்புச் சூட்டில், ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தன. உள்ளே முகமூடி போட்ட இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் நகர்ந்தார்கள். பெட்டிகளுக்குள் எத்தனை பேருடைய பிள்ளைகள் இருக்கின்றன என்ற நினைப்பு வந்ததும் நான் கண்ணாடியை விட்டு விலகிக்கொண்டேன். கூட்டத்தின் நடுவே தனியாக நிற்பதுபோல் இருந்தது.

அண்ணி காத்திருந்த அறைக்கு அக்கா ஒரு படத்தோடு வந்தாள். அண்ணியின் கருக்களில் கடைசிவரை தாக்குப்பிடித்தவை இரண்டுதான். சாம்பல் நிறத் தாளில் இரண்டு வட்டங்கள் அருகருகே இருந்தன. ஒன்று சின்னதாக, ஒழுங்காக, உருண்டையாக. இன்னொன்று ஒரு பக்கம் கிழிந்து வெளியே பிதுங்கியிருந்தது.

"ஒண்ணு முதல் தரம். அதுக்கு மேல மார்க் போட இடமே இல்லை" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு?" என்று அண்ணி கேட்டாள்.

"அது சுமார்தான். கடைசி கிரேடு. உறைய வெச்சா தாங்காது. தூக்கிப் போடவும் மனசு வரலை. டாக்டர் ரெண்டையும் வெச்சிடலாம்னுட்டாங்க. துணைக்கு இருக்கட்டுமே."

படத்தை அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எது எது என்று அண்ணி கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அவள் நினைத்திருப்பாள்.

முதல் ஸ்கேனில் இரண்டு துடிப்பு. அண்ணன் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. அடுத்த ஸ்கேனில் ஒன்றுதான் இருந்தது. மற்றது இருந்த இடத்தில் ஒரு கறுப்பு நிழல்.

"சில சமயம் இப்படி ஆகும்மா" என்றார் மகப்பேறு டாக்டர். "ஒண்ணு வளராம நின்னுடும். வலிக்காது, வெளியவும் ஒண்ணும் வராது. உடம்பே அதைக் கரைச்சு எடுத்துக்கும். இருக்கற குழந்தை நல்லாருக்கு. அதைப் பாருங்க."

வீட்டுக்கு வரும் வழியில், காரின் பின் இருக்கையில், அண்ணி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "உடம்பே எடுத்துக்கும்னாங்களே, எங்க எடுத்துக்கும்? எனக்குள்ளயா, இல்லை அந்த இன்னொரு குழந்தைக்குள்ளயா?"

கண்ணாடியில் அண்ணனின் கண்கள் ஒரு முறை எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பின.

அன்று மாலை அக்கா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அண்ணி கேட்டாள்: "எது அக்கா போனது?"

"தெரியாதும்மா. ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அநேகமா அந்தச் சுமாரானதுதான் போயிருக்கும்" என்றாள்.

அண்ணியின் முகம் ஒரு கதவு சாத்துவதுபோல் மூடிக்கொண்டது. அது அவளுடைய பயம் என்றுதான் எங்களுக்கு அப்போது பட்டது. ஒருவேளை சுமாரானது தங்கிவிட்டிருந்தால், பிறக்கப்போகும் குழந்தையில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று பயப்படுகிறாள் என்றே நினைத்தோம்.

நிறை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. குழந்தை மருத்துவர் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லை, எடுத்துட்டுப் போங்க" என்றார். அண்ணி கையை நீட்டவில்லை. நான்தான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. பாலைப் பீய்ச்சிப் புட்டியில் கொடுப்பாள், புகட்டுவது நான். குளிப்பாட்டுவது அண்ணன். தொட்டே ஆகவேண்டிய நேரத்தில் அண்ணி தொடுவாள், சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோலத் தொட்டிலில் வைத்துவிட்டு விலகுவாள். எப்போதும் ஒரே ஓரத்தில் வைப்பாள். மறுபாதி காலியாக இருக்கும். குழந்தையும் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும். அழுதுகொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்தும், அங்கே பார்க்கும், யாரோ எதையோ சொல்வதைக் கேட்பதுபோல.

"குழந்தைங்க வெளிச்சம் வர்ற பக்கம்தான் பாக்கும்" என்றான் அண்ணன்.

ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது.

ஒரு மதியம் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சாத்திய அறைக்குள் அண்ணி பேசுவது கேட்டது. தாழ்ந்த குரல், கெஞ்சுகிற குரல். நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்பதுபோல் இடைவெளி விட்டாள். அண்ணன் வெளியிலிருந்து வந்தான். கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அப்பாடா! தாயும் மகளும் பேச ஆரம்பிச்சிட்டாங்க போல!"

அவன் பார்வை மெல்லக் கீழே இறங்கி என் மடிக்கு வந்தது. குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் பேச்சு தொடர்ந்தது.

மறுநாளே அண்ணன் அவளை டாக்டரிடம் அழைத்துப்போனான். பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு மனது இப்படிச் சோர்ந்து போவதுண்டு, வைத்தியம் இருக்கிறது, சரியாகும், தனியாக மட்டும் விடாதீர்கள் என்று சொல்லி மருந்து எழுதிக்கொடுத்தார். அண்ணி ஒழுங்காகச் சாப்பிட்டாள். தூக்கம் வந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது. குழந்தையை மட்டும் தூக்கவில்லை. அக்கா வேலையிலிருந்து வரும்போதெல்லாம் கதவோரம் நின்று, "எது அக்கா?" என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை.

அண்ணன் அக்காவிடம் மன்றாடினான். "முதல் தரம்தான் பிறந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்க்கா. உனக்கு என்ன போகுது?"

"பாக்காததைப் பாத்தேன்னு சொல்லச் சொல்றியா?"

"பொய்யே சொன்னதில்லையா நீ?"

"உங்கிட்ட நிறையச் சொல்லியிருக்கேன். நீ அழகா பாடுறேன்னுகூடச் சொல்லியிருக்கேன். இது வேறடா." அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "கேளு. நாங்க போடற மார்க்கு, கரு ஒட்டுமா ஒட்டாதாங்கறதுக்குத்தான். சுமாரானது ஒட்டறது கஷ்டம். ஆனா ஒட்டி, வளந்து, பிறந்துட்டா அப்புறம் அந்த மார்க்குக்குப் பெருசா அர்த்தமே இல்லை. அந்தப் பிள்ளைங்களோட எடை, ஆரோக்கியம் எல்லாம் மத்த பிள்ளைங்க மாதிரிதான் இருக்குன்னு கணக்கெடுத்தவங்க சொல்றாங்க. எதுவா இருந்தாலும் இவ நல்ல பிள்ளைதான்."

"அதை அவகிட்ட சொல்லு!"

"சொன்னேன். தலையாட்டினா. திரும்பவும் எதுன்னு கேக்கறா."

கருக்கள் வளர்ந்ததை ஆய்வகத்தின் வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் கேமரா விடாமல் படம் பிடித்திருந்தது. அதை வீடியோவாகத் தொகுத்து ஒரு பென் டிரைவில் கிளினிக்கில் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அக்கா வாங்கிக்கொண்டாள். விடுமுறை நாட்களில் தன் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, லேப்டாப்பில் அதையே ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் தேநீர் கொண்டுபோனால் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஐந்தாறு நாள் வளர்ச்சி சில நிமிடங்களுக்குள் ஓடும். இரண்டு வட்டங்களும் பிளந்து, பெருகி, நடுங்கும். சின்னது மட்டும் அடிக்கடி சுருங்கும். செத்துவிட்டது என்று நினைக்கும்போது மெல்ல ஊதிக்கொண்டு எழும்பும். மறுபடி சுருங்கும்.

"மூச்சு விடற மாதிரி இருக்குக்கா" என்றேன்.

"மூச்சு இல்லை. உள்ள இருக்கற தண்ணி வடிஞ்சு, திரும்ப ஊறுது" என்றாள். ஆனால் அவள் தன் மூச்சை நிறுத்தியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவளைத் தொட்டிலருகே பார்த்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு கைகளையும் மைக்ரோஸ்கோப்பின் முன் வைத்திருப்பதுபோல் அந்தரத்தில் நிறுத்தி, குழந்தையின் தலைக்கு மேல் குனிந்திருந்தாள்.

"இவ உச்சிக்குழி துடிக்கறதைப் பாரு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"எல்லாக் குழந்தைக்கும் துடிக்கும்க்கா."

"தெரியும்." கைகளை இறக்காமலே, "அந்தச் சின்னதும் இப்படித்தான்" என்றாள்.

அண்ணிக்குத்தான் மனது சரியில்லை, அக்கா தெளிவாக இருக்கிறாள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கேள்வி வீட்டில் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு வந்தது. அன்று புட்டியைப் பிடித்திருந்தபோது நானும் குழந்தையின் முகத்தைப் பார்த்து மனதுக்குள் கேட்டேன், நீ எது என்று. கேட்ட மாத்திரத்தில் அது குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

அந்த வாரம் குழந்தையின் எடை ஏறவில்லை. அடுத்த முறை காட்டியபோது கொஞ்சம் குறைந்திருந்தது. புட்டியைத் தள்ளியது. குழந்தை மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை என்றார். "அம்மா மடியில போடுங்க. மார்புல ஒட்டி இருக்கட்டும். பால் குடிக்காட்டியும் பரவாயில்லை, முதல்ல ஒட்டி இருக்கட்டும். இன்னும் குறைஞ்சா இங்க சேர்க்க வேண்டியிருக்கும்" என்றார்.

மறுநாள் காலை அக்கா வேலைக்குப் போகவில்லை. லேப்டாப்பை எடுத்துவந்து அண்ணியின் கட்டிலில் வைத்தாள். அண்ணன் கதவருகே நின்றான். நான் குழந்தையோடு தரையில் உட்கார்ந்தேன். அதற்கு அழக்கூடச் சத்து இல்லை, முனகிக்கொண்டிருந்தது.

"எதுன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கியே" என்றாள் அக்கா. "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். வா, சேர்ந்தே பாத்துடலாம். நான் ஒளிச்சு வெச்சது எதுவும் இல்லை."

படம் ஓடியது. இரண்டு வட்டங்களும் வளர்ந்தன. முடிவுக்கு வரும் நேரத்தில் அண்ணி கையை நீட்டித் திரையைத் தொட்டாள். கிழிந்து பிதுங்கியிருந்த வட்டத்தின் மேல் அவள் விரல் நின்றது.

"இதுதான்" என்றாள். குரல் உடைந்தது. "துணைக்குன்னு சொன்னீங்களே, அது."

அக்கா திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் இதைச் சொல்றே?"

"பாத்தாலே தெரியலையா? உடைஞ்சு கிடக்கே." அண்ணி தலையணைக்கடியிலிருந்து அந்தச் சாம்பல் நிறப் படத்தை எடுத்தாள். ஓரங்கள் நைந்து போயிருந்தன. "நல்லதுமேல உங்க எல்லாருக்கும் நம்பிக்கை. இதுக்குத்தான் யாரும் இல்லை. வயித்துல வெச்ச நாள்லேருந்து இதுகிட்டதான் பேசறேன். போயிடாதே, என்கூட இருன்னு எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? நீங்க ரொம்பச் சாதாரணமா, அதுதான் போயிருக்கும்னு சொல்லிட்டீங்க. இவளைத் தூக்கப் போனா, என்னை இருன்னு சொல்லிட்டு இவளைக் கொஞ்சறியான்னு அது கேக்கற மாதிரி இருக்கு. எதுன்னு தெரிஞ்சா, யாருக்கு அழணும்னாவது தெரியும்."

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டான். குறையுள்ள குழந்தையோ என்று அவள் பயப்படுகிறாள் என எண்ணி, ஒன்றுமில்லை, நல்ல பிள்ளைதான் என்று இத்தனை நாளும் மாறி மாறி அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் பயப்படவே இல்லை. துக்கத்தில் இருந்தாள்.

அக்கா அண்ணியின் விரலைப் பிடித்து, திரையில் அதே வட்டத்தின் மேல் வைத்தாள்.

"இது உடையலைம்மா. முட்டைக்கு ஓடு மாதிரி இதுக்கும் மேல ஒரு உறை உண்டு. நல்லா வளர்ந்த கரு அதைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். வந்தாத்தான் ஒட்ட முடியும். இதுதான் முதல் தரம். நீ கெஞ்சினது இதுகிட்ட." விரலை நகர்த்தினாள். "சுமாரானது இது. அழகா உருண்டையா இருக்கே, இது. வளரத் தெம்பு இல்லாம அப்படியே நின்னதால ஒழுங்கா தெரியுது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். உனக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன்."

அண்ணி அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தாள். முதன்முறையாகப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். திரையில் அது சுருங்கியது, எழும்பியது.

"அப்போ இதுகிட்ட யாருமே பேசலையா?" என்று கேட்டாள்.

எனக்கு அந்தக் காலித் தொட்டிலைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"நான் பேசினேன்" என்றாள் அக்கா.

அண்ணி திரும்பினாள். "எப்போ?"

"வைக்கறதுக்கு முன்னாடி. சாட்சி வெளிய போயிருந்தார். தொடத்தானே கூடாது, பாக்கலாமேன்னு பெட்டிப் பக்கம் போனேன்."

"என்ன சொன்னீங்க?"

அக்காவின் கண் அந்தச் சின்ன வட்டத்துக்குப் போனது. "தயங்காம போ. அங்க ஒருத்தி உனக்காகக் காத்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன்."

அந்த ஆய்வகத்தில் யாரும் வாய் திறந்து தேவையில்லாமல் பேசி நான் பார்த்ததில்லை. அக்கா சொன்னது நடந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அண்ணி படத்தை மடித்தாள், பிரித்தாள். "ரெண்டையும் கூப்பிட்டிருக்கோம்" என்றாள் தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, "எது வந்திருந்தாலும் கூப்பிட்டதாலதான் வந்திருக்கு, இல்லை?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"போனதும் சொல்லாம போகலை. இருந்து பாத்துட்டுத்தான் போயிருக்கு."

"ஆமா."

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினாள்.

"குடு அவளை."

குழந்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணி அவசரப்படவில்லை. மார்போடு அணைத்து அப்படியே வைத்திருந்தாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அக்கா கண்ணாலேயே அவனை அடக்கினாள். நெடுநேரத்துக்குப் பிறகு சின்னதாக, ஈரமாக, விழுங்கும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது.

அக்கா ஓசைப்படாமல் லேப்டாப்பை மூடக் கையை வைத்தாள்.

"மூடாதீங்கக்கா" என்றாள் அண்ணி, குனிந்த தலையை நிமிர்த்தாமல். "ஓடட்டும்."